பாதுகாப்புப் பிரதி அமைச்சர் சபையில் பேசியவை: எண்ணிப் பார்ப்பதா, வாசித்துப் பார்ப்பதா?

பரிதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எந்த எம்.பி. எத்தனை தரம் பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பட்டியல் போடும் வழக்கம் இப்போது நன்றாகவே வேரூன்றிவிட்டது. வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் மந்திரி.எல்கே தளம் 2013 முதல் ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவை, வைத்து இந்த வேலையைச் செய்து வருகிறது. அதே கண்ணோடு பழைய காலத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரே ஒருவரை எடுத்திருக்கிறேன். 1994இல் இருந்து 2001 வரை பாதுகாப்புப் பிரதி அமைச்சராக இருந்த அனுருத்த ரத்வத்த.

யாழ்ப்பாணம் படையினரின் கைக்குப் போனது, முல்லைத்தீவு முகாம் விழுந்தது, வன்னியில் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கி முடிந்தது, ஆனையிறவுத் தளம் புலிகளிடம் போனது, எல்லாமே அவர் காலம். நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். வீட்டில் அவருடைய பெயரைக் கேட்டாலே பெரியவர்களின் முகம் மாறும். ஆனால் அவர் சபையில் எழுந்து நின்று என்ன சொன்னார் என்பதை எங்கள் ஆட்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்?

என் திட்டம் இதுதான்: வருடத்துக்கு எத்தனை உரை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னார். இவற்றை அட்டவணையாக்கி, அதே காலத்தின் மற்றப் பிரதி அமைச்சர்களோடு ஒப்பிடுவது. இந்த முறை சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை சிவா

தம்பி, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறீர். ஆனால் வெறும் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் மற்றவர்களோடு ஒப்பிடும் இடத்திலேயே சறுக்கிவிடும். காரணத்தைச் சொல்கிறேன்.

மற்ற அமைச்சுகளில் பிரதி அமைச்சர் இரண்டாம் ஆள். அமைச்சர் சபையில் இல்லாத நாளில் பதிலை வாசிப்பார், குழுநிலை விவாதத்தில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சு அப்படி இல்லை. 1978 அரசியலமைப்பின் கீழ் ஜனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் அல்ல. வந்து பேசலாம், வாக்களிக்க முடியாது. சந்திரிகா குமாரதுங்க பாதுகாப்பையும் நிதியையும் தன்னிடமே வைத்திருந்தார். ஆகவே சபையில் பாதுகாப்புக்கு ரத்வத்த, நிதிக்கு ஜி.எல். பீரிஸ். வரவுசெலவுத் திட்டத்தையே பிரதி நிதி அமைச்சராகத்தான் பீரிஸ் வாசித்தார். பெயர் பிரதி அமைச்சர், சபைக்குள்ளே செய்தது முழு அமைச்சரின் வேலை.

அடுத்தது அவசரகாலச் சட்டம். பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி செய்யும் பிரகடனம் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். தொடர வேண்டுமானால் மாதாமாதம் சபையின் அனுமதி வேண்டும். அந்த நீடிப்புப் பிரேரணையைக் கொண்டுவந்து பேசும் பொறுப்பு பெரும்பாலும் ரத்வத்தவிடம் இருந்தது. மாதம் ஒரு தரம் எழும்ப வேண்டும் என்று சட்டமே அவரைப் பிடித்து நிறுத்தியது. அதை அவருடைய சுறுசுறுப்பு என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று. அவர் பாதுகாப்புக்குப் பிரதி அமைச்சர் மட்டுமல்ல, நீர்ப்பாசனம், மின்வலு, எரிசக்தி அமைச்சராக அமைச்சரவையிலும் இருந்தார். 1996இல் மழை பொய்த்து நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்ததே, அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீர் பெயரை மட்டும் தேடி எண்ணினால் மின்வெட்டும் முல்லைத்தீவும் ஒரே கணக்கில் விழும். ஹன்சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பதவியின் பேரில் பேசுகிறார் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பிரியும்.

வன்னிமைந்தன்

அந்த மனுசன் சபையில் என்ன பேசினாலும் இங்கே குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. பேச்சை ஆராய்ந்து என்ன கிடைக்கப்போகிறது?

மட்டுநகர் மாலினி

வன்னிமைந்தன், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்தக் காலத்தில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் ஹன்சாட்டின் அருமை தெரிந்தது.

ஒரு தாய் பொலிஸில் முறைப்பாடு கொடுத்த துண்டை வெள்ளத்தில் இழந்திருப்பாள். முகாமில் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே வந்திருக்காது. ஆனால் எங்கள் உறுப்பினர் ஒருவர் சபையில் எழும்பி ஊர், திகதி, முகாம் என்று சொல்லிப் பேசியிருந்தால் அது அரசாங்கத்தின் அச்சிலேயே இருக்கும். அதை அழிக்கேலாது. அதற்கு அரசாங்கம் சொன்ன பதிலும், சொல்லாமல் விட்டதும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும்.

மட்டக்களப்பு உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் இதைக் கடமையாகவே செய்தார். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட சனங்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு இழுபட்டு இழுபட்டு, 2016 ஜூலையில் அனுராதபுரம் மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தது. இடையில் இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் அரசாங்கம் சபையில் என்ன சொன்னது, எப்போது சொன்னது என்று தேடிப் போனால் கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்தப் பிரதி அமைச்சரின் பெயருக்குக் கீழேதான்.

ஆகவே பரிதி, நீங்கள் எண்ணத் தொடங்கும்போது அவருடைய உரையில் இருந்து தொடங்காதீர்கள். அவருக்கு முன்னால் பேசியவரில் இருந்து தொடங்குங்கள். கேட்கப்பட்டது என்ன என்று தெரியாமல் சொல்லப்பட்டதை எப்படி நிறுப்பது?

பரிதி

மாலினி அக்கா, சிவா அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. பதவி வாரியாகப் பிரிப்பதை இன்றே செய்கிறேன்.

ஆனாலும் எண்ணிக்கையை அவ்வளவு லேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒருவர் மௌனமாக இருந்தார் என்பதை வேறு எப்படி நிறுவுவது? காணாமல் போனவர்களைப் பற்றி ஐம்பது தடவை கேட்டார்கள், ஒரு தடவைகூட நேரடிப் பதில் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஐம்பதையும் எண்ணித்தானே ஆக வேண்டும். "அவர் எப்போதும் தட்டிக்கழித்தார்" என்று பொதுவாகச் சொல்வதை ஆர் வேண்டுமானாலும் மறுக்கலாம். எண்ணை மறுப்பது கஷ்டம்.

சேப்பாக்கம் குமரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இலங்கை அரசியல் எனக்குப் பழக்கம் குறைவு, ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்கும் உண்டு.

இங்கே பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு எம்.பி.க்களின் வருகை, கேள்வி, விவாதம் எல்லாவற்றையும் வெளியிடுகிறது. அமைச்சராக இருப்பவரின் பக்கத்தைத் திறந்தால் எண்களே இருக்காது. அமைச்சர்கள் விவாதத்தில் அரசின் சார்பாகப் பேசுபவர்கள் என்பதால் அவர்களின் பங்கேற்பைக் கணக்கிடுவதில்லை என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அமைச்சர் கேள்வி கேட்க முடியாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதும் இல்லை. அப்புறம் எதை வைத்து மற்ற எம்.பி.க்களோடு ஒப்பிடுவது? அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. துணை அமைச்சர் என்ற படி எங்கள் மத்திய அரசில் இப்போது புழக்கத்தில் இல்லை. 1985இல் ப. சிதம்பரம் தொடங்கியது அந்தப் படியில்தான். இன்று இணை அமைச்சரோடு முடிந்துவிடுகிறது.

எங்களிடம் இருக்கும் ஒரு ஏற்பாடு உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் உண்டு. "பரிசீலிக்கிறோம்", "விசாரித்துத் தெரிவிக்கிறோம்" என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். நிறைவேறியதா என்று அந்தக் குழு கேட்டுக்கொண்டே இருக்கும். குழு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் அளக்கும் அலகு சரியானது. உரையை விடுங்கள், உறுதிமொழியை எண்ணுங்கள்.

வெள்ளவத்தை சிவா

குமரன் தம்பி சொன்னது அருமையான யோசனை. ரத்வத்தவின் பதில்களில் இருந்து "விசாரணை நடத்தப்படும்" என்ற இடங்களை மட்டும் பிடுங்கி ஒரு பக்கத்தில் எழுதினாலே அரை ஆய்வு முடிந்துவிடும். 1996 பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனோர் முறைப்பாடுகளை விசாரிக்கப் பாதுகாப்பு அமைச்சே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தன் படையைத் தானே விசாரிப்பது. அந்தக் குழுவைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எப்போது அறிவித்தார்கள், அறிக்கையைச் சபாபீடத்தில் வைத்தார்களா என்று பாரும்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியும். வாய்மூல விடைக்கான வினா வரும், அமைச்சுத் தரப்பில் ஒருவர் எழும்பி "பதில் அளிப்பதற்குக் கால அவகாசம் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவார். எந்த அரசாங்கம் வந்தாலும் இது மாறாத வழக்கம். பாராளுமன்றம் கலைந்தால் அந்தக் கேள்வியும் அதோடு போய்ச் சேரும். நீர் எண்ணத்தான் வேண்டும் என்றால் இதை எண்ணும்.

செய்தியாளர் மாடத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அவசரகால விவாத நாளில் பகல் முழுக்க எதிர்த்தரப்பும் தமிழ் உறுப்பினர்களும் பேசுவார்கள். மேசையில் ஒலிவாங்கி, பக்கத்தில் காதில் மாட்டும் கேட்பொறி. தமிழில் பேசத் தொடங்கியதும் சிங்கள உறுப்பினர்கள் கேட்பொறியை மாட்ட வேண்டும், மொழிபெயர்ப்பாளரின் குரல் அதில் வரும். சிலர் மாட்டுவார்கள், சிலர் மாட்டவே மாட்டார்கள். பக்கத்து உறுப்பினரோடு கதைத்துக்கொண்டிருப்பார்கள், கோப்பில் கையெழுத்துப் போடுவார்கள். பின்னேரம் பதிலுரை. காலையில் சொன்ன பெயர்களில் ஒன்றாவது அந்தப் பதிலில் வருகிறதா என்று கொப்பியும் பேனையுமாகக் காத்திருப்போம். ஹன்சாட்டில் உரை மட்டும்தான் இருக்கும், கேட்பொறியை மாட்டினாரா இல்லையா என்பது இராது. ஆனால் பதிலுரையை வாசித்தால் காலையில் யாரைக் கேட்டார், யாரைக் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

மட்டுநகர் மாலினி

சிவா அண்ணை சொன்னதோடு சேர்த்து மொழிப் பிரச்சினையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இலங்கை ஹன்சாட் விவாத உரைகளை மொழிபெயர்த்துத் தருவதில்லை. பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில் அச்சாகும். ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு நிரல். பேசுபவரின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். அதற்குக் கீழே தமிழ் உறுப்பினரின் உரை தமிழில் ஓடும். நடுவில் சிங்களத்தில் குறுக்கீடு. அடுத்து பிரதி அமைச்சர் எழும்புவார், அதிலிருந்து எல்லாம் சிங்களம். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாய்க்கு அந்தப் புத்தகத்தில் கேள்வி கிடைக்கும், பதில் கிடைக்காது. சிங்களம் மட்டும் தெரிந்தவருக்குப் பதில் கிடைக்கும், எதற்கான பதில் என்று தெரியாது. முப்பது வருடமாக நாங்கள் இரண்டு பகுதியும் இந்தப் பதிவை அரைகுறையாகத்தான் வாசித்திருக்கிறோம். பரிதி, உங்கள் ஆய்வு எண்களோடு நின்றாலும் பரவாயில்லை, அந்தப் பதில்களைத் தமிழில் தந்தீர்கள் என்றால் அதுவே பெரிய உபகாரம்.

எங்கள் உறுப்பினர்களில் சிலர் வேண்டுமென்றே ஆங்கிலத்தில் பேசினார்கள் என்பது என் எண்ணம். பிரதி அமைச்சரும் தூதரகங்களும் நடுவில் ஆள் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காக. நீலன் திருச்செல்வம் 1999 ஜூன் 15 அவசரகால விவாதத்தில் பேசியது அப்படிப்பட்ட உரை. போர்க்களத்திலோ வேறெங்குமோ மரணத்தைப் போற்ற முடியாது, வாழ்வைத்தான் கொண்டாட வேண்டும் என்று அவர் பேசியதை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஜூலை 29ஆம் திகதி அவரைப் புலிகள் கொன்றார்கள். அந்த உரையை நானும் பல தடவை வாசித்திருக்கிறேன். அன்று அரசாங்கத் தரப்பு அவருக்கு என்ன பதில் சொன்னது என்று எங்கேயாவது எடுத்துக்காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதைத் தேடி எடுங்கள்.

திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை 1997 ஜூலை 5இல் கொல்லப்பட்டார். ஜோசப் ஐயாவை 2005 நத்தார் ஆராதனையில் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டார்கள், அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 2021 ஜனவரியில் விடுதலையானார்கள். ரத்வத்தவைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களில் மூன்று பேர் இப்படிப் போனார்கள். அவர்களின் கேள்விகளைப் பின்னாளில் தொடர்ந்து கேட்க அவர்களே இல்லை என்பதையும் ஆய்வில் எழுதுங்கள்.

கிண்ணியா நவாஸ்

நல்ல இழை. ஒரு கோணம் விடுபடுகிறது, அதைச் சொல்ல வந்தேன்.

பிரதி அமைச்சரின் பேச்சு மட்டும் அவசரகாலச் சட்டத்தை நீட்டவில்லை. கைகள் நீட்டின. 1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம். மிச்சத்தை முஸ்லிம் காங்கிரஸும் மலையகத்து உறுப்பினர் ஒருவரும் நிரப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் சுமார் 10,000 வாக்குகளோடு 9 ஆசனம் பெற்ற ஈ.பி.டி.பி. என்ற தமிழ்க் கட்சி வெளியில் இருந்து அரசாங்கத்துக்குக் கைகொடுத்தது. ஆகவே சனம் இடம்பெயர்ந்து கிடந்த யாழ்ப்பாணத்துக்காகச் சபையில் கடுமையாகக் கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் மட்டக்களப்பு, திருகோணமலைக்காரர்கள். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு இருந்ததோ மொத்தம் ஐந்து உறுப்பினர்தான்.

எங்கள் கட்சி அரசாங்கத்துக்குள் இருந்தது, என் வாப்பா அதை ஆதரித்தவர். எல்லைக் கிராமங்களிலும் பள்ளிவாசல்களிலும் எங்கள் ஆட்கள் கொல்லப்பட்ட நினைவு அப்போது பச்சையாக இருந்தது. பாதுகாப்பு வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்கள் சபையில் கேட்டதும், அதற்குப் பிரதி அமைச்சர் சொன்னதும் அதே ஹன்சாட்டில்தான் இருக்கிறது. அவற்றையும் பரிதி தம்பி எடுக்க வேண்டும். தமிழ் உறுப்பினர்களுக்குச் சொன்ன பதிலையும் முஸ்லிம் உறுப்பினர்களுக்குச் சொன்ன பதிலையும் தெற்கு எதிர்க்கட்சிக்குச் சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த மனிதரின் பேச்சு முழுதாகத் தெரியும்.

அப்புறம், வாக்கெடுப்புப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். 1998 ஓகஸ்ட் 4இல் அவசரகாலத்தை நாடு முழுவதுக்கும் விரித்தார்கள். விளைவு, ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் தள்ளிப்போனது. பாதுகாப்பு என்ற பேரில் கொண்டுவந்தது தேர்தலை நிறுத்த உதவியது. 2001 ஜூனில் முஸ்லிம் காங்கிரஸ் விலகியது, பெரும்பான்மை போனது, ஜூலையில் அவசரகால ஒழுங்குவிதிகளை நீடிக்க வாக்கு இல்லாமல் அவை காலாவதியாகின. எத்தனையோ உரைகளால் அசைக்க முடியாததை ஆறேழு ஆசனம் அசைத்தது.

வன்னிமைந்தன்

நவாஸ் நானா சொன்னதை ஏற்கிறேன். மாலினி அக்கா சொன்னதையும். என் பெரியப்பாவின் மகன் 1996 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் பிடிபட்டவன். அவனுடைய பெயரை யாராவது சபையில் சொன்னார்களா என்று எங்கே பார்க்கலாம்? இணையத்தில் தேடினால் அந்த ஆண்டு கிடைக்கவில்லை.

மட்டுநகர் மாலினி

வன்னிமைந்தன், பாராளுமன்றத் தளத்தில் அண்மைய வருடங்கள்தான் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். 1996க்குக் கட்டப்பட்ட தொகுதிகளைத்தான் பார்க்க வேண்டும். பெரிய நூலகங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஓகஸ்டில் பிடிபட்டவர் என்றால் செப்ரெம்பரில் இருந்து அடுத்த வருட நடுப்பகுதி வரைக்கும் அவசரகால விவாதங்களைப் பாருங்கள். ஒத்திவைப்புப் பிரேரணைகளையும் விட வேண்டாம். பெயர்ப் பட்டியல்கள் சில நேரம் சபாபீடத்தில் வைக்கப்பட்டிருக்கும், உரையில் வாசிக்கப்பட்டிராது. ஊர்ப் பெயரையும் தேடுங்கள், ஆள் பெயரை அச்சில் பல விதமாக எழுதியிருப்பார்கள். எனக்குத் தனிமடல் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வெள்ளவத்தை சிவா

பரிதி, உம்முடைய ஆய்வின் முன்னுரைக்குப் பயன்படும் பழைய கதை ஒன்று. 1972 அரசியலமைப்புக்கு முன் பிரதி அமைச்சர் என்ற பதவி இல்லை, பாராளுமன்றக் காரியதரிசி என்று சொல்வார்கள். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானபோது அவர் செனட் உறுப்பினர், பிரதிநிதிகள் சபையில் அவருக்கு இடமில்லை. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரின் கையில். ஆகவே கீழ்ச்சபையில் அவற்றுக்குப் பேசியவர் காரியதரிசியாக இருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. 1961இல் வடக்கு கிழக்குச் சத்தியாக்கிரகத்தை அடக்க ஏப்ரலில் அவசரகாலம் போட்டார்களே, அந்த விவாதங்களையும் ஒருதரம் பாரும். முடிவெடுத்தவர் ஓரிடம், சபையில் முகம் கொடுத்தவர் ஓரிடம். எங்கள் ஆட்கள் பாதுகாப்பு விஷயத்தில் எப்போதும் இரண்டாமவரோடுதான் வாதாடியிருக்கிறார்கள்.

ரத்வத்தவுக்குப் பிறகும் அதே கதைதான். வெளிவிவகார அமைச்சர் கதிர்காமரின் கொலைக்குப் பின் 2005 ஓகஸ்டில் அவசரகாலம் திரும்பி வந்தது, 2011 ஓகஸ்ட் வரை போனது. மகிந்த ராஜபக்ச காலத்தில் பிரேரணையை மாதாமாதம் கொண்டுவந்தவர் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க, பாதுகாப்புப் பிரதி அமைச்சும் அவரிடம் இருந்தது. அந்த மாதம் எத்தனை படையினர் மாண்டார்கள், எத்தனை பேர் காயம் என்று எண்களோடு வாசிப்பார். இறந்த பொதுமக்களின் கணக்கு அந்தப் பேச்சில் எப்படி வந்தது, எந்த மாதத்தில் இருந்து சுருங்கியது என்பதை 2008, 2009 தொகுதிகளில் வரிசையாக வாசித்தால் கண்முன்னே தெரியும். அவை இணையத்திலேயே கிடைக்கும்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, ஏப்ரல் 23இல், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் தாக்குதலுக்குப் பழிவாங்கல் என்று முதற்கட்ட விசாரணை சொல்வதாகச் சபையில் அறிவித்தவரும் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தனதான். அமைச்சரான ஜனாதிபதி அல்ல.

கிண்ணியா நவாஸ்

இப்போதும் அப்படித்தானே, சிவா ஐயா. பாதுகாப்பு ஜனாதிபதி அநுர குமாரவிடம், சபையில் பிரதி அமைச்சர் அருண ஜயசேகர. 2025 ஓகஸ்டில் எதிர்க்கட்சி அவர்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தது, சபாநாயகர் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க மறுத்தார். குற்றச்சாட்டு சரியா பிழையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சபையில் பாதுகாப்புக்குப் பதில் சொல்பவர் மேல் சபை நம்பிக்கையில்லை என்று சொல்ல வழியில்லை என்றால் அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு?

சேப்பாக்கம் குமரன்

இது எனக்குப் புதிய செய்தி. எங்கள் முறையில் அமைச்சரவை மொத்தமும் மக்களவைக்குப் பொறுப்பு, எந்த அமைச்சரின் பதிலானாலும் பிரதமர் தப்ப முடியாது. உங்கள் பிரதி அமைச்சர் இரண்டு முறைகளுக்கு நடுவில் நிற்கிறார். ஜனாதிபதி முறைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் முறைக்கும் இடையிலான அந்த இடைவெளியை ஒரு ஆளை வைத்து அடைத்திருக்கிறார்கள். பரிதி, உங்கள் ஆய்வின் மையமே இதுவாக இருக்கலாமே.

பரிதி

எல்லாவற்றையும் பலதடவை வாசித்தேன். இப்படி மாற்றிக்கொள்கிறேன்.

அட்டவணையின் முதல் நிரலில் கேட்டவரின் பெயரும் மொழியும். இரண்டாவதில் கேட்டது என்ன: ஊர், திகதி, சம்பவம். மூன்றாவதில் பதில் வந்ததா, அவகாசம் கேட்கப்பட்டதா, ஒன்றுமே இல்லையா. நான்காவதில் பதிலில் உறுதிமொழி இருந்தால் அதன் வாசகம், சிங்கள மூலமும் தமிழாக்கமும். ஐந்தாவதில் அன்றைய வாக்கெடுப்பு. அவருடைய மொத்த உரைகளின் எண்ணிக்கை பின்னிணைப்பில் இருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் போகமாட்டேன். மின்வலு அமைச்சராகப் பேசியவை தனி.

ஏழு வருடத்தையும் ஒரே ஆய்வில் செய்து முடிக்க இயலாது. எந்தப் பகுதியை எடுப்பது?

வெள்ளவத்தை சிவா

1998 ஜூனில் இருந்து டிசம்பர் வரை எடும்.

ஜூன் 5இல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. பத்திரிகையில் வெட்டு விழுந்த காலம், ஆகவே சபையில் பேசப்பட்டதன் பெறுமதி இரட்டிப்பு. ஜூலை 3இல் யாழ்ப்பாண மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தீர்ப்பு. அன்றுதான் குற்றவாளியாகக் காணப்பட்ட படைவீரர் சோமரத்ன ராஜபக்ச, யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். ஓகஸ்ட் 4 அவசரகாலத்தை நவாஸ் சொல்லிவிட்டார். செப்ரெம்பர் கடைசியில் கிளிநொச்சி புலிகளிடம் போனது. டிசம்பர் 4இல் ஜெயசிக்குறுவை நிறுத்தினார்கள், அது 1997 மே 13இல் வவுனியாவில் இருந்து தொடங்கியது. இத்தனைக்கும் சபையில் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒரே ஆள். ஏழு மாதத்துக்குள் அவருடைய பேச்சில் என்ன மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல துண்டு கிடைக்காது.

தொகுதியை எடுக்கும்போது ஒன்றைக் கவனியும். முதலில் வரும் பிரதியில் "பிழை திருத்தப்படாதது" என்று இருக்கும். உறுப்பினர்கள் தங்கள் உரையைத் திருத்திக் கொடுத்த பிறகுதான் கட்டப்பட்ட தொகுதி வரும். சபாநாயகர் நீக்கச் சொன்ன சொற்களும் அதில் இராது. முடிந்தால் இரண்டையும் ஒப்பிடும், மறுநாள் வீரகேசரி, தினகரன் பாராளுமன்றச் செய்திகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

மட்டுநகர் மாலினி

செம்மணி பற்றி 1998 ஜூலைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரியையும் தனியாக ஒரு கோப்பில் போடுங்கள், பரிதி. 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுத்தார்கள், அதோடு நின்றது. 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டத் தொடங்கி 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளியே வந்திருக்கின்றன, குழந்தைகளுடையதும் சேர்த்து. அன்று அரசாங்கம் சபையில் சொன்னதை இன்று வழக்கில் நிற்கும் சட்டத்தரணிகள் கேட்கிறார்கள். தமிழாக்கத்தோடு, பக்க எண்ணோடு, தொகுதி எண்ணோடு கொடுங்கள். சிங்களத்தில் இருந்து மொழிபெயர்க்க என்னிடம் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நன்றாகச் செய்வார்கள்.

பரிதி

சரி அக்கா. அடுத்த கிழமை நூலகத்துக்குப் போகிறேன். 1998 ஜூலை மாதத்து அவசரகால விவாதத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். பிரதி அமைச்சரின் பதிலுரைக்கு முதலில் தமிழாக்கம் வேண்டும்.

வன்னிமைந்தன்

நீர் போகும் நாளைச் சொல்லும், நானும் வருகிறேன். 1996 தொகுதியையும் ஒரே நேரத்தில் கேட்டு வைப்போம்.